கேம்பல் பே கப்பல் இன்றும் கேன்சல்

ஜூன் 11, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. வீட்டுக்காரியின் வெள்ளைச் சேலை காயவில்லை. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே காயவைத்தேன். முந்தானை ஓரத்தில் லேசாகத் தீய்ந்த வாசனை. சரோஜா கண்டுபிடிக்கவில்லை, தப்பித்தேன்.

வேன் ஒன்பது மணிக்குத்தான். அதற்கு முன்னாலேயே வாசலில் போய் நின்றுவிட்டாள். வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து, நெஞ்சில் குத்திய கடிகாரம் (ஓடாது). ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்தபோது நின்ற அதே நிற்பு. ரிடையர் ஆனது மட்டும் அவளுக்கு ஞாபகம் இல்லை. முதியோர் பகல் மையத்தைத் தன் வார்டு என்று நினைத்துப் போய்வருகிறாள். அங்கே இருக்கிற பெரிசுகள் எல்லாம் பேஷண்ட். நாடி பிடிக்கிறாள், அதட்டுகிறாள், போய்ப் படு என்கிறாள். அவர்களும் படுக்கிறார்கள்! மண்டல் பாபு என்று ஒரு பெங்காலிப் பெரியவர், தினமும் கையை நீட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறாராம். "சிஸ்டர், பஹ்லே மேரா நம்பர்."

"அம்மா வந்ததுக்கு அப்புறம்தான் அங்கிள் இவங்க எல்லாம் ஒழுங்கா மாத்திரை சாப்பிடறாங்க." இது ஷீலா, மையத்தை நடத்துகிற மலையாளத்துப் பெண்.

எனக்குக் கிடைத்த பகலில்: முடி வெட்டல். சூரை மீன். மின்சார பில் கட்டினேன். அப்புறம் தூக்கம். ஒரு காதை வாசல் பக்கம் வைக்காமல், கதவுத் தாழ்ப்பாளைப் பற்றி நினைக்காமல் ஒரு தூக்கம். அடடா, அதற்கு எத்தனை மாலை போட்டாலும் தகும். எழுந்தபோது இது காலையா மாலையா என்றே தெரியவில்லை.

ராத்திரிக்கு என் ரசம். ஒரு வாய் குடித்துவிட்டு, "கேண்டீன்ல ஆள மாத்திட்டாங்களா?" என்றாள். ஏன், நல்லா இல்லையா? "முன்னாடி இருந்தவனுக்கு இவன் பரவாயில்ல." முன்னாடி இருந்தவனும் நான்தான்.

ஜூன் 13, வியாழன்

காற்று. கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது.

இன்று குண்டு விழுந்தது. வேனிலிருந்து இறங்கும்போதே சரோஜாவின் முகம் சரியில்லை. நேரே உள்ளே போய், பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள்.

"எனக்கு டிரான்ஸ்பர் ஆயிடுச்சு. கேம்பல் பே."

ஷீலாவுக்கு போன் போட்டேன். நடந்தது இதுதான். வேன் ஓட்டும் சலீம், தன் தம்பியைக் கேம்பல் பேக்கு மாற்றிவிட்டார்கள் என்று யாரிடமோ புலம்பியிருக்கிறான். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், ஆர்டர் தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

இந்தத் தீவில் சர்க்கார் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்தப் பேரைக் கேட்டதுமே ஆர்டரை நிறுத்த சிபாரிசுக்கு ஓடுவோம். இங்குள்ள தீவுகளிலேயே தெற்கே கடைசி. நாள்கணக்கில் கப்பல். கல்யாணமான புதிதில் அவள் நிஜமாகவே அங்கே போனாள். நான் இங்கே பவர் ஹவுஸில் ஷிப்டு, அவள் அங்கே கடலோரக் குவார்ட்டர்ஸில். சுனாமியில் அந்த வரிசை வீடுகளே இல்லாமல் போயின. சேதி கேட்டு அன்று அப்படி அழுதாள். இப்போது அது ஞாபகத்தில் இல்லை. அந்த ஒன்றை மறந்ததில் எனக்கு வருத்தமில்லை.

பெட்டியில் வைத்தது: வெள்ளைச் சேலைகள். டார்ச். குடை. நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில். தேங்காய்த் துருவி. மெழுகுவத்தி ஒரு கட்டு. சாமி படம். என் பழைய ஸ்வெட்டர் (கேம்பல் பேயில் ஸ்வெட்டர்!).

ஜூன் 14, வெள்ளி

வேன் வந்தது. வரமாட்டேன் என்றாள். பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு சட்டம் பேசுகிறாள்.

"நான் ரிலீவ் ஆயாச்சு. சார்ஜ் குடுத்தாச்சு. இனிமே அந்த வார்டுல எனக்கு என்ன வேலை? ஷிப் வந்தா கூப்பிடுங்க."

சலீம் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நான் புத்தி கெட்டுப்போய் உண்மையைச் சொன்னேன். நீ ரிடையர் ஆகிவிட்டாய் சரோஜா, டிரான்ஸ்பரும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாருய்யா நீ, என்னை வீட்டுக்கு அனுப்ப?"

அப்புறம் அழுகை. எனக்குக் கோபம், டம்ளரை நங்கென்று வைத்தேன். அவள் பயந்துபோய்ப் பார்த்ததும் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பகல் முழுக்க அவள் பெட்டி மேல், நான் எதிர் நாற்காலியில். சாப்பாடு இருவருக்கும் இறங்கவில்லை.

சாயங்காலம் கவிதா போன். "முன்னாடியே பேசினதுதானேப்பா. சென்டர் சரிப்படலேன்னா ரெண்டு பேரும் சென்னைக்கு வந்துடணும். நீங்களும் சரின்னு சொன்னீங்க."

சொன்னேன்தான். மகள் பக்கம் நியாயம் இருக்கிறது. என் ஒருத்தனால் இரவும் பகலும் முடியாது, போன மழைக்காலத்தில் கீழே விழுந்து காட்டிவிட்டேன். ஆனால் சென்னையில் மூன்றாவது மாடியில் இவளை யார் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள்? கையை யார் நீட்டுவார்கள்? மாதக் கடைசிவரை கெடு கேட்டேன். கொடுத்தாள்.

ஜூன் 15, சனி

மழையும் காற்றும். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாவை ச.வுக்குத் துணை வைத்துவிட்டு, மையத்தில் கூட்டத்துக்குப் போனேன். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக சனிதோறும் நடக்கிறது. இதுவரை டிமிக்கி கொடுத்து வந்தேன். வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள் என்று நினைப்பு. ஒருத்தரும் அழவில்லை. சமோசா, டீ, ஒரே சிரிப்பு.

மண்டல் பாபுவின் மருமகள் காகலி சொன்னது: மாமனார் காலையில் எழுந்ததும், மாட்டைப் பூட்டு, வயலுக்குப் போகணும் என்பாராம். அவர்கள் குடியிருக்கிற டெய்ரி ஃபார்ம் ஏரியாவில், ஊர் நடுவில், ஏது வயல்? முதலில் இவளும் மல்லுக்கு நின்றாளாம். அவர் தட்டைத் தூக்கி எறிவாராம். இப்போது, "பைல் டாக்டர் கே பாஸ் ஹை, பாபா." மாடு டாக்டரிடம் போயிருக்கிறது. "அப்ப இன்னிக்கு லீவு" என்று சந்தோஷமாக டீ குடிக்கிறாராம்.

"எத்தனை நாளா டாக்டர்கிட்ட இருக்கு?" என்று கேட்டேன்.

"தோ சால், அங்கிள்!"

இரண்டு வருஷமாம். வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது.

என் முறை வந்தது. பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னேன். அந்தச் சின்னப் பெண் ஷீலா சொன்னாள், "அம்மாவை இங்க இழுக்க வேண்டாம் அங்கிள். அம்மா எங்க இருக்காங்களோ, அங்க நீங்க போங்க." கேட்க நன்றாகத்தான் இருந்தது. எப்படிப் போவது?

திரும்பும்போது ஃபீனிக்ஸ் பே வழி. ஜெட்டியில் ஏகக் கூட்டம். அட்டைப்பெட்டி, கோழிக்கூண்டு, கைக்குழந்தைகள். மைக்கில் அறிவிப்பு: கடல் சரியில்லை, கேம்பல் பே கப்பல் இன்று கிளம்பாது. மறுபடியும் கேன்சலா என்று ஜனம் வாய்க்கு வந்தபடி திட்டுகிறது. "ஃபிர் கேன்சல்! ஃபிர் கேன்சல்!" அத்தனை பேருக்கு நடுவில் நான் ஒருத்தன்தான் துள்ளினேன்.

கேன்சல்! கப்பல் கேன்சல் ஆனால் டிரான்ஸ்பர் ஆன ஆள் என்ன செய்வார்? அடுத்த கப்பல் வரும்வரை பழைய இடத்திலேயே வேலை பார்ப்பார். காலமெல்லாம் இந்தத் தீவில் சர்க்கார் சோறு தின்றவனுக்கு இது தோன்ற இவ்வளவு நேரம். ஒருவர் என்னைப் பார்த்து, "க்யா ஹுவா, சாச்சா?" என்ன ஆச்சு என்கிறார். கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

ஜூன் 17, திங்கள்

மழை. வாழ்க மழை.

காலையில் பெட்டி முன்னால் நின்று சொன்னேன், "சிஸ்டர், கேம்பல் பே கப்பல் கேன்சல்."

"மறுபடியுமா? இவங்களுக்கு இதே பொழப்பு. சரி, அதுவரைக்கும் நான் சும்மாவா உக்காந்திருக்கறது?"

"ஷிப் வர்ற வரைக்கும் பழைய வார்டையே பாக்கணுமாம். படா பாபு சொல்லிட்டார்."

படா பாபு என்றால் இங்கே ஆபீஸ் ஹெட் கிளார்க். அவர் சொன்னதற்கு அப்பீல் கிடையாது. சடாரென்று எழுந்தாள். சேலை மாற்றினாள். வேனில் ஏறினாள், பெட்டியோடு. நானும் சலீமும் தூக்கினோம். தேங்காய்த் துருவியின் முனை என் முழங்காலில் இடித்தது. வலிக்கவே இல்லை.

வேன் திருப்பத்தில் மறைந்ததும் நடுத்தெருவில் நின்று கைதட்டினேன். லட்சுமியம்மா ஜன்னலில் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

ஜூன் 20, வியாழன்

விட்டுவிட்டு மழை. தினமும் காலையில் "கப்பல்?" "கேன்சல்." "சரி." அவ்வளவுதான், கிளம்பிவிடுகிறாள்.

இன்று மையத்தில் டீக்குப் போனேன். அவள் உள்ளே நுழைந்ததும் மண்டல் பாபு கப்பலை விசாரிக்கிறார், "சிஸ்டர் கா ஜஹாஜ்?" மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் "கேன்சல்!" கைதட்டல். ச. உதட்டில் விரல் வைத்து, "உஷ்! இது ஆஸ்பத்திரியா, மீன் மார்க்கெட்டா?" முகம் முழுக்கச் சிரிப்பு.

சாயங்காலம் வீட்டில் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, "என்னங்க, மழை விட்டுடுச்சா?" என்றாள். என்னங்க! கேண்டீன்காரனையோ டிரைவரையோ கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். விட்டுவிட்டது என்றேன். அடுத்த நிமிஷம் போய்விட்டது. இருந்தாலும் வந்தது வந்ததுதான்.

வாங்க வேண்டியது: பினாயில், கஞ்சி மாவு, கடிகாரத்துக்கு பேட்டரி.

ஜூன் 24, திங்கள்

வெயில். ஊரே துணி காயப்போடுகிறது. எனக்கு மட்டும் எரிச்சல்.

"கடல் அமைதியாத்தானே கெடக்கு? இன்னும் என்ன கேன்சல்?"

"இன்ஜின் கோளாறாம், சிஸ்டர்."

மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைக்கிற பேஷண்டைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் வேனில் ஏறினாள். கவிதா ராத்திரி போன். மாதக் கடைசியை ஞாபகப்படுத்தினாள். எல்லாம் நன்றாகப் போகிறது என்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

வெயில். ரேடியோவை நிறுத்த மறந்தேன். மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது கப்பல் நேரம் சொன்னான்: கேம்பல் பேக்கு இன்று மாலை. ச. எழுந்து நின்றாள். "கெளம்புங்க. ஜெட்டிக்கு."

வேறு வழியில்லை. முழுக்கைச் சட்டை போட்டு, பையில் பேனா குத்தி, பெட்டியை ஏற்றி, நானும் வேனில் ஏறினேன்.

ஜெட்டியில் நிஜக் கப்பல். ஏணி வைத்தாயிற்று. சலீமிடம் கண்ணைக் காட்டினேன், வாயைத் திறக்காதே என்று. அவனோ கப்பல் பக்கம் விரலை நீட்டி, "யஹி ஹை சிஸ்டர், கேம்பல் பே வாலா" என்கிறான். படுபாவி.

பெட்டியை இறக்கச் சொல்லி அதன்மேல் உட்கார்ந்தாள். கப்பலையே பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தால் கத்துவாள், கூட்டம் கூடும். இனி மையத்துக்கு வரமாட்டாள், சென்னைதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"படா பாபு, கொஞ்சம் இப்படி வாங்க. ஒரு விஷயம் பேசணும்."

என் பேனாவையும் சட்டையையும் பார்த்து அப்படி நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் போனேன்.

"இந்த டிரான்ஸ்பர கேன்சல் பண்ண முடியுமா?"

"ஏன் சிஸ்டர், ஊர் புடிக்கலையா?"

"ஊருக்கென்ன, தங்கமான ஊரு. எங்க வீட்டுக்காரர் இங்க பவர் ஹவுஸ்ல இருக்கார். புருஷன் பொண்டாட்டிய ஒரே ஊர்ல போடணும்னு ரூல் இருக்குல்ல?"

"இருக்கு."

"அவருக்கு ஒண்ணும் தெரியாது பாபு. ஒரு ரசம் வெக்கத் தெரியாது. மூக்குக்கு மேல கோவம் வேற. பசிச்சாலும் வாயத் தொறந்து கேக்க மாட்டார். நான் போயிட்டா அந்த மனுஷன யாரு பாத்துப்பாங்க?"

நான்தான் இவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவர் பேரு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

குனிந்து சிரித்தாள். "போங்க பாபு. அவர் பேர நான் எப்படிச் சொல்றது?" மறந்துவிட்டதா, எப்போதும்போல் சொல்லவில்லையா, தெரியாது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், கல்யாண நாளில் பார்த்தது.

"சாங்ஷன், சிஸ்டர். நீங்க எங்கயும் போக வேண்டாம்."

"வாயால சொன்னா போதுமா?"

"படா பாபு சொன்னா சொன்னதுதான்."

எழுந்தாள். சேலையை உதறிக்கொண்டாள். "அப்புறம் என்ன வேடிக்கை? டூட்டிக்கு லேட்டாச்சு. பெட்டிய ஏத்துங்க."

ஏற்றினோம். சலீம் ஏன் மூக்கை உறிஞ்சினான் என்று கேட்கவில்லை.

ராத்திரி கவிதாவுக்கு நானே போன் செய்தேன். சென்னைக்கு வரவில்லை என்றேன். என்னப்பா ஆச்சு என்றாள். அம்மாவின் டிரான்ஸ்பர் கேன்சல் என்றேன்.

பெட்டி பரண்மேல் போயாச்சு. ஊறுகாய் பாட்டிலை மட்டும் வெளியே எடுத்தேன். ரசப்பொடி தீர்ந்துவிட்டது, காலையில் வாங்க வேண்டும்.