வலது பக்க இருக்கை

மே 6

உருளைக்கிழங்கு ஏற்றியாகிவிட்டது. உருளைக்கிழங்குக்கே பேர்போன அயர்லாந்துக்கு உருளைக்கிழங்கு கொண்டுபோகிற ஜனங்கள் உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான் இருப்போம். கூடவே காப்பித்தூள், வேர்க்கடலை வெண்ணெய், காலை ரொட்டிமேல் தூவச் சாக்லேட் துகள், உப்பு போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாய் ஒரு பெரிய பை. என் கணவன் ரூலோஃப் வெளிநாட்டுக் கடைகளை நம்ப மாட்டான்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடலோரமாகவே ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகப்போகிறோம். அதிலும் பாதி தூரம் நான்! சமையலறை மேஜையில் வைத்துப் பேசி முடிவானது. "பாதி நீ, பாதி நான். சொன்னா சொன்னதுதான்" என்றான். நான் கையை நீட்டினேன், குலுக்கினான்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? தினமும் வேலைக்கு க்ரோனிங்கன் நகரம் வரை என் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டுகிறேன். ஆனால் இருவரும் சேர்ந்து கிளம்பினால் இவன் நேரே, எங்கள் டச்சு வண்டியில் ஸ்டியரிங் இருக்கிற இடது கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவான், நான் வலது கதவுக்குப் போய்விடுவேன். யார் போட்ட சட்டம் இது? கால் சுளுக்கியிருந்த வாரம்கூட நொண்டிக்கொண்டே போய் இடது கதவைத்தான் திறந்தான்.

அடுத்த வசந்தத்தில் இருவருக்கும் ஓய்வு. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, படுக்கை வைத்த வேன் ஒன்று வாங்கி ஒரு வருஷம் ஐரோப்பாவின் கரையெல்லாம் சுற்ற வேண்டும் என்பது அவன் கனவு. குடிவர ஆளும் தயார். என் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறான். இந்த மாதக் கடைசிக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அவனிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்: ஒரு வருஷம் முழுக்கப் பார்சல் மாதிரி உட்கார்ந்து வர என்னால் ஆகாது. இந்தப் பயணத்தில் சாவி என் கைக்கு வந்தால் ஆம். வராவிட்டால் இல்லை.

மே 8

கப்பல். பிரான்ஸின் கரை மறைந்துவிட்டது, எங்கும் தண்ணீர். நான் மேல்தளத்தில் தலைமுடி பறக்க நிற்கிறேன். ரூலோஃப் கீழே வண்டிக்குள் 'இடது பக்கமாகப் போ' என்று பெரிதாக எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டிவிட்டு வந்திருக்கிறான். "நீ ஓட்டும்போதும் உதவும்ல" என்றான். கேட்கவே இனித்தது!

மே 9

இறங்கிவிட்டோம். நாடே கண்ணாடிக்குள் பார்த்த மாதிரி புரண்டு கிடக்கிறது.

எங்கள் ஊரில் சாலையின் வலது பக்கம் போவோம், இங்கே எல்லோரும் இடது பக்கம் போகிறார்கள். எங்கள் டச்சு வண்டியிலோ ஸ்டியரிங்கும் இடது பக்கம். அதனால் ஓட்டுகிறவனுக்கு வேலியும் புல்லும்தான் தெரிகிறது. முன்னால் டிராக்டர் போனால் அதைத் தாண்டலாமா என்று எட்டிப் பார்க்கவே முடியாது. சாலை நடுவில் உட்கார்ந்திருப்பது நான். எதிரே வருவது எனக்குத்தான் தெரியும்.

"போலாமா?"

"இரு."

"இப்போ?"

"லாரி வருது, இரு... இரு... ம், போ!"

போனான்! நான் சொன்ன சொல்லுக்கு ரூலோஃப் ஹைகெமா வண்டியை விட்டான்! இத்தனை வருஷத்தில் இல்லாத அதிசயம். இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். "நாளைக்கு நீ ஓட்டு" என்றான் தானாகவே.

மே 10

மழை. "மழையில வேண்டாம், நாளைக்குப் பாக்கலாம்."

மே 11

டிங்கிள் என்ற கடலோர ஊருக்கு வந்து சேர்ந்தோம். நோரீன் என்ற அம்மாளின் வீட்டு மாடியில் அறை. ஜன்னலைத் திறந்தால் படகுத்துறை.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். எதிரே வண்டி வந்தால், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துகிறார்கள். அவ்வளவுதான் வணக்கம். அவர்கள் ஊர் வண்டியில் ஓட்டுகிறவர் வலது பக்கம்தானே! அதனால் எல்லா வணக்கமும் எனக்கே வருகிறது. நானும் ராணி மாதிரி விரலை உயர்த்திக்கொண்டே வந்தேன். ஊரே என்னை ஓட்டுநர் என்று நினைக்கிறது, ஓட்டுகிறவனை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது என்று எழுதினால் பாவமா?

சாயங்காலம் நோரீனின் தம்பி தேநீர் குடிக்க வந்தார். கம்பளிச் சட்டை எல்லாம் சேறு. உட்காரும்போதே ஆரம்பித்தார்.

"அக்கா, இன்னைக்கு ஒரு பொம்பளையப் பாத்தேன். வளைவுல எதிர்ல வர்றா. ரெண்டு கையையும் விட்டுட்டு, தலையக் குனிஞ்சு ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு வர்றா! நான் டிராக்டரை ஓடையில விட்டுட்டேன்."

நோரீன் என்னைப் பார்த்தார். என் மடியில் பாதி பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"ஏன்டா, ஸ்வெட்டர் என்ன கலர்?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ரூலோஃபுக்கும்தான். தம்பிக்கு உப்பு அதிமதுர மிட்டாய் கொடுத்து சமாதானம் பேசினோம். வாயில் போட்டவர் முகம் கோணி, "இதுக்கு ஓடையே தேவல" என்றார்.

மே 12

கடற்கரை வரை போனோம். ஓட்டியது அவன். திரும்பும்போது கேட்டேன். "வழி ரொம்பக் குறுகல், பெரிய சாலை வரட்டும்" என்றான். பெரிய சாலை வந்தது. "இங்க எல்லாரும் வேகமாப் போறாங்க ஃபென்னா." பெட்ரோல் போட நின்றபோது கையை நீட்டினேன். என் கையில் மிட்டாய்ப் பையை வைத்துவிட்டு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

என்ன நினைச்சிட்டிருக்கான் இவன்? நான் என்ன, வழி சொல்ற பொம்மையா? டிராக்டர் வருதா லாரி வருதான்னு பாக்க என் கண்ணு வேணும், ஓட்ட மட்டும் என் கை வேண்டாமா? கையக் குலுக்கினானே — அதுக்கு ஒரு மதிப்பு இல்லையா?

சரி. ஒரு வருஷம் வேன் இல்லை. ஊருக்குப் போனதும் சொல்லிவிடுகிறேன். அழுகையாக வருகிறது. வெளியே கடல் இவ்வளவு அழகாக இருக்கிறபோது அழுவது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மே 13

இன்று ஒரே சந்தோஷம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலையில் ரொட்டி சுட்டுக்கொண்டே நோரீன் தெளிவாகத்தான் சொன்னார்: "கடலுக்குள்ள நீட்டிட்டிருக்கிற முனையைச் சுத்திப் போறீங்கன்னா கடல் உங்க இடது கைப்பக்கம் இருக்கணும். பஸ்ஸெல்லாம் அப்படித்தான் சுத்தும். மாத்திப் போயிடாதீங்க, மூஞ்சியில மூஞ்சி இடிச்சுக்கும்."

தெருமுனைக்கு வந்ததும் ரூலோஃப் எதிர்ப்பக்கம் திருப்பினான். "எல்லாரும் போற பக்கம் போனா ஒரே கூட்டம்" என்றான். நேற்றைய கோபத்தில் நான் வாயே திறக்கவில்லை. வேண்டுமென்றே பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கரை! கோபத்தோடு பார்க்கவே முடியாத கரை. மலை அப்படியே கடலுக்குள் இறங்குகிறது, செம்மறிகள் சரிவில் ஒட்டிக்கொண்டு மேய்கின்றன. நான் கடல் பக்கம், அவன் கற்சுவர் பக்கம்.

ஒரு வளைவில் சுற்றுலாப் பேருந்து எதிரே நின்றது. மூக்கும் மூக்கும் முட்டுகிற தூரம். பின்னாலேயே இன்னொரு பேருந்து. ஓட்டுநர் இறங்கி வந்தார், பெரிய தொப்பை, பெயர் மாலக்கி என்று சட்டையில் இருந்தது. நேராக என் ஜன்னலுக்கு வந்து குனிந்தார்.

"வணக்கம்மா. இந்த ரோடு ஒரு பக்கமாத்தான் சுத்தும்னு யாரும் சொல்லலையா? பரவால்ல, கொஞ்சம் பின்னால எடுங்க. வளைவு தாண்டினா ஒதுங்க இடம் இருக்கு."

நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். ஊசியும் நூலும்தான் இருந்தன.

"அட, ஸ்டியரிங் எங்கம்மா?" என்று உள்ளே தலையை நீட்டினார். "ஓ, சார்கிட்ட இருக்கா! சார், நீங்க எடுங்க."

சார் எடுத்தார். சுவரில் கர்ரென்று உரசியது. முன்னால் வந்து மறுபடி எடுத்தான், பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. இன்னொரு தரம் எடுத்ததில் வண்டி சாலைக்குக் குறுக்கே கோணலாகச் சிக்கியது. பேருந்து ஜன்னல்களில் எல்லாம் தலைகள். ரூலோஃப் நெற்றியில் வியர்வை. அவன் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஃபென்னா, என்னால முடியல."

இந்த வார்த்தையை இவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நெஞ்சு கனத்துவிட்டது.

"சரி, எறங்கு."

இறங்க முடிந்தால்தானே! அவன் கதவு சுவரோடு ஒட்டியிருந்தது. நான் முதலில் இறங்கினேன். அவன் கியரைத் தாண்டி, என் இருக்கையில் தவழ்ந்து, கால் சிக்கி, என் பக்கக் கதவு வழியாகத் தலைகீழாக வந்தான். நூல்கண்டும் கூடவே உருண்டு வந்தது. அதே வழியாக நான் உள்ளே தவழ்ந்தேன். பேருந்தில் கைதட்டல்.

பின்னால் போவதற்கு மட்டும் எல்லா நாட்டிலும் ஒரே சட்டம்: பொறுமை. மாலக்கி கையை ஆட்டினார், "வா வா வா... நில்லும்மா... இப்ப ஒடி..." மெதுவாக, அங்குலம் அங்குலமாக, வளைவைத் தாண்டி, ஒதுங்கும் இடத்தில் கச்சிதமாகக் கொண்டுபோய் விட்டேன். விட்டேனே!

ரூலோஃப் நடந்து வந்து வலது பக்கம் ஏறினான். பேருந்து எங்களை உரசாமல் கடந்தது. மாலக்கி மேலிருந்து விரலை உயர்த்தினார். எனக்கில்லை, வலது பக்கம் இருந்தவனுக்கு. பழக்கதோஷம்! ரூலோஃப் திகைத்துப் போய் மெல்ல விரலை உயர்த்தினான்.

நான் வண்டியைத் திருப்பி, பேருந்துகள் பின்னாலேயே போய் ஒரு கடற்கரையில் நிறுத்தினேன். காப்பிக் குடுவையைத் திறந்தோம். கடலைப் பார்த்துக்கொண்டேதான் பேசினான்.

"கூட்டம்னு சொன்னது பொய். கடல் இடது பக்கம் வந்தா அந்தச் சரிவு என் காலுக்குக் கீழ இருக்கும். எனக்குப் பயம். அதான் உன்னை அந்தப் பக்கம் வச்சேன்."

"அடப்பாவி! சாவி தராததும் அதனாலதானா?"

"பக்கத்து சீட்ல சும்மா உக்காந்தா எனக்கு எப்பவுமே வயித்தக் கலக்கும். எதிர்ல வர்றதெல்லாம் என் மேல வர்ற மாதிரி இருக்கும். ஸ்டியரிங் கையில இருந்தா கொஞ்சம் அடங்கும். உன் ஓட்டுதல்ல குறையே இல்ல ஃபென்னா. ஒருநாளும் இருந்ததில்ல."

இத்தனை வருஷம் நான் என்னவெல்லாம் நினைத்திருந்தேன்! என் மேல் நம்பிக்கை இல்லை என்று, ஆண் என்கிற திமிர் என்று. பயமாம். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது, அவன் கையைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. மூன்றையும் செய்தேன்.

"இப்போ நான்தான் ஓட்டப்போறேன். நீ சும்மா உக்கார வேண்டாம். டிராக்டர் வந்தா சொல்லு, எதிர்ல யார் வந்தாலும் வணக்கம் வை. அது உன் வேலை."

மே 14

முனையைச் சரியான பக்கமாகச் சுற்றினோம். நான் ஓட்டினேன்! சரிவு என் காலடியில், கீழே நுரை. பயமும் இன்பமுமாக உடம்பே சிலிர்த்தது. ரூலோஃப் முதல் வளைவில் கண்ணை மூடிக்கொண்டான். "மூடினா யார் வணக்கம் வைக்கிறது?" என்றேன். திறந்தான்.

மே 16

வண்டிகளை ஏற்றும் படகில் ஆற்றைக் கடந்து கிளேர் மாவட்டத்துக்கு வந்துவிட்டோம். இவன் இந்த வேலையில் கெட்டிக்காரனாகிவிட்டான். டிராக்டர் தெரிந்ததும் கழுத்தை நீட்டுகிறான். "இரு... இரு... இப்போ போ போ போ!" ஒரு 'போ' போதாதாம். கையை முன்பலகைமேல் வைத்துக்கொண்டு, தபால் வண்டி, பால் வண்டி, பள்ளிப் பேருந்து எதையும் விடாமல் விரலை உயர்த்துகிறான். ஒரு பாதிரியார் பதிலுக்கு முழுக் கையையும் ஆட்டினார். நாள் முழுக்க அதே பேச்சு.

கற்பாறை வெளியில் நின்று, கொண்டுவந்த உருளைக்கிழங்கை வேகவைத்து, அங்கேயே வாங்கிய நண்டோடு தின்றோம். நண்டை வாங்கியவன் ரூலோஃப். வெளிநாட்டுக் கடையில்! வானம் இடிந்து விழவில்லை.

மே 17

இன்று பாதி அவன் ஓட்டினான், பாதி நான். நடுவில் சாவியை அவனே நீட்டினான். முகம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது, ஆனால் நீட்டினான்.

மே 20

திரும்பும் கப்பல். சாம்பல் ஸ்வெட்டர் முடியவில்லை. ஓட்டிக்கொண்டே பின்ன முடியாதே!

மே 30

குடிவரப்போகிறவர்கள் காலையில் வந்து வீட்டைப் பார்த்தார்கள். அந்தப் பெண் திரைச்சீலைகளை விட்டுப்போவீர்களா என்று கேட்டாள். "எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் போறோம்" என்றேன். ரூலோஃப் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் பதில் அவனுக்குக் கிடைத்தது அப்போதுதான். போய்க் காப்பி போட்டான், சர்க்கரையை இரண்டு தரம் போட்டுவிட்டான்.

பிறகு சந்தைக்குக் கிளம்பினோம். நான் பைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவன் எனக்கு முன்னாலேயே போய் வண்டியருகே நின்றுகொண்டிருந்தான், வலது கதவுக்குப் பக்கத்தில்.

"சாவி உன்கிட்டதானே?"

என்னிடம்தான். கரைச் சாலையில் எதிரே யாரோ ஒருவர் வண்டியில் வந்தார். எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் விரல் உயர்த்துவதில்லை. இவன் உயர்த்தினான்.