ஸ்டெல்லாவின் காற்றுச் சட்டை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தூங்கியிருக்கலாம். வாரத்தில் ஒரே ஒரு விடுமுறை, அதையும் நீச்சல் குளத்து ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கழித்தேன். ஸ்டெல்லா அக்கா தண்ணீருக்குள், நான் குடைக்குள்.

பிரச்சினை அதேதான். முக்குளிப்பவர்கள் சிலிண்டரோடு மாட்டிக்கொள்ளும் காற்றுச் சட்டை. பொத்தானை அழுத்தினால் காற்று ஏறும், ஆள் மிதக்கலாம். அக்காவுக்கு வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் ஆண்களின் ஸ்மால். காற்று ஏறியதும் சட்டை எழும்பிக் காதைத் தொடுகிறது. இவள் அதற்குள் ஆமை மாதிரி தொங்குகிறாள்.

மே மாதம் கொங்கண் கரையில், தார்கர்லி கடலில் மீட்புப் பரீட்சையில் இதனால்தான் தோற்றாள். மயங்கியதுபோல் நடிக்கும் ஆளைப் படகு வரை இழுத்து வர வேண்டும். பாதி வழியில் மூச்சு முட்டி ஆளை விட்டுவிட்டாள். மழைக்காலம் முழுக்க அங்கே யாரும் கடலில் இறங்குவதில்லை. அக்டோபரில் இன்னொரு வாய்ப்பு. தேறினால் சீசன் முடியும்வரை அங்கேயே, முக்குளிக்க வருகிறவர்களைக் கூட்டிப்போகும் வேலை என்று பயிற்சியாளர் ப்ரீதி சொல்லியிருக்கிறார். தேறாவிட்டால் இங்கே புனேயில், கட்கி பல் டாக்டர் வாசலில் மாலை நேரம் டோக்கன் கொடுக்கும் அதே வேலை.

தேறினால் அப்பாவை யார் பார்ப்பது? பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விழுந்ததிலிருந்து பகலில் அவள், மாலையில் நான். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அளவு எடுக்கலாம் என்று டேப்பை நீட்டினேன். பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். உள்ளேயிருந்து எண்ணை மட்டும் கத்தினாள். எழுதிக்கொண்டேன். எண் இருந்தால் போதும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

செகண்ட் ஹேண்டில் ஒரு காற்றுச் சட்டை வாங்கிவிட்டேன். ஆண்களின் எக்ஸ்ட்ரா ஸ்மால். தூக்கும் திறன் அதிகம், துணி கெட்டி. ஒரு மணி நேரத்தில் முடிகிற விஷயத்தை இவள் ஒரு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னைக் கேட்டியாடா?"

"அளவு சரியா இருக்கு."

"அளவு இருக்கு. நான் இருக்கேனா அதுல?"

டேப்பை எடுத்துத் தோள் பட்டையை இன்னொரு தடவை அளந்தேன். 

ஆகஸ்ட் 17, ஞாயிறு

குளத்தில் போட்டுப் பார்த்தாள். இதுவும் எழும்புகிறது. கொஞ்சம் குறைவாக. ஆனால் எழும்புகிறது.

என் தொழில் என்ன? போசரியில் ஒரு தொழிற்சாலையில் பிக்ஸ்சர் வரைவது. மெஷின் வெட்டும்போது வார்ப்பிரும்புக் காஸ்டிங் நகராமல் கவ்விப் பிடிக்கிற சாதனம். அசைகிறதா, பிடி. இன்னும் அசைகிறதா, இன்னொரு இடத்தில் பிடி. நாலு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஒரு துணிச் சட்டையைப் பிடிக்க முடியாதா என்னால்?

ஆகஸ்ட் 23, சனி

கட்கி பஜாரில் ராணுவ மூட்டைப் பை தைக்கிற கடையில் கொடுத்து, தொடைகளுக்கு நடுவே ஒரு பட்டை, விலாவில் இரண்டு பட்டை தைத்து வாங்கிவிட்டேன். தொழிற்சாலையில் எடை தொங்கவிட்டு இழுத்தும் பார்த்தாயிற்று. நூல்கூடப் பிரியவில்லை.

ஹாலில் அக்காவுக்கு மாட்டிவிட்டேன். ஓர் அங்குலம் அசையவில்லை! அப்பா நாற்காலியிலிருந்து மெதுவாகக் கேட்டார்: "மாடியிலருந்து... குதிக்கப் போறாளா?"

அக்காவைக் கேட்டேன், அசையுதா என்று. "இல்ல" என்றாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நல்ல நாள் இல்லை.

குளத்துக்கு வெளியே கணபதி பந்தலில் டோல் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒத்திகைக்கு ப்ரீதியே வந்திருந்தார். அக்கா இழுக்க வேண்டிய ஆளாக நஸ்ரின் மிதந்தார் — லோஹேகாவில் இருப்பவர், கணவர் விமானப்படை, அந்தமானில் இருந்தபோது முக்குளிக்கக் கற்றவர். அக்கா காற்றை முழுக்க ஏற்றினாள். சட்டை எழும்பவில்லை. எழும்ப வழியில்லாத காற்று உள்பக்கமாக அழுத்தியது. நாலு உதை உதைத்திருப்பாள். முகம் வெளுத்துவிட்டது. கழற்றப் பார்த்தாள், நான் தைத்த கொக்கி கைக்கு எட்டவில்லை. நஸ்ரின்தான் காற்றைத் திறந்துவிட்டு ஓரத்துக்கு இழுத்து வந்தார். அக்கா படியில் வாந்தி எடுத்தாள்.

ப்ரீதி பட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மராட்டியில் சொன்னார்: "ஹே சாலணார் நாஹி." இது செல்லாது. வீட்டில் தைத்தது எதுவும் என் கடலுக்குள் வராது என்றார்.

அறுந்துபோகாது, எடை போட்டுச் சோதித்திருக்கிறேன் என்றேன்.

"அறுந்து போகாது இல்லையா? அதுதான் என் பயம்" என்றார்.

அப்புறம் அக்காவிடம் எங்கே வலிக்கிறது என்று இந்தியில் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். ப்ரீதி என்னிடம், "போய் சாய் வாங்கிட்டு வா" என்றார். போனேன்.

திரும்பும்போது வண்டியில் கத்தினேன். "ஒரு மாசமா கூடவே கிடக்கிறேன். எங்க வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

சிக்னலில் வண்டி நின்றது. அப்புறம் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "நெஞ்சுப் பட்டை குறுக்க அறுக்குதுடா. காத்து ஏறினா ரெண்டு பக்கமும் நசுங்குது. தம்பிகிட்ட எப்படி சொல்வாங்க இத? நீயும் என்ன கேட்ட? அசையுதா, அசையுதா. அவ்வளவுதான."

பச்சை விழுந்தது. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

செப்டம்பர் 1, திங்கள்

வார்ப்பிரும்பு மூச்சு விடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நஸ்ரின் தனக்குத் தெரிந்த பெண்களிடம் கேட்டு மூன்று சட்டை கொண்டுவந்தார். "இஞ்சினியர் சார், இன்னிக்கு நீங்க பேசாம இருக்குறதுதான் சேஃப்டி" என்றார். இருந்தேன். கஷ்டம்தான்.

அவர்கள் பார்க்கிற முறையே வேறு. முதலில் நீச்சல் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சட்டை. வால்வு உஸ்ஸென்று கத்தும்வரை காற்று. பிறகு ஓர் ஆழ்ந்த மூச்சு. கையைத் தூக்கு, குனி, எல்லாக் கொக்கிக்கும் கை எட்டுகிறதா பார். அப்புறம்தான் தண்ணீர். டேப்பை யாரும் எடுக்கவேயில்லை.

முதல் சட்டை முதுகுப்புறம் மட்டும் உப்புவது. மார்பில் அழுத்தமே இல்லை, ஆனால் மேலே மிதந்தால் முகத்தைத் தண்ணீரில் தள்ளியது. இரண்டாவது நீளம், இடுப்பெலும்பில் இடித்தது. மூன்றாவது பெண்களுக்கென்றே வெட்டியது — உடல் குட்டை, தோள் பட்டைகள் மார்பைச் சுற்றி வெளிப்பக்கமாக வளைந்து இறங்குகின்றன. காற்று முழுக்க ஏறியபிறகும் அக்கா மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தாள். ஏதோ ஓசியில் கிடைப்பதுபோல.

"இது" என்றாள்.

நான் வாங்கியதைவிட இதற்குத் தூக்கும் திறன் கம்மி என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். "நம்ம கடலுக்கு, இந்த மெல்லிசு உடுப்புக்கு, இது போதும் சார்" என்றார் நஸ்ரின். கணக்குப் போட்டுப் பார்த்தேன். போதும்தான்.

நிறம் மட்டும் கத்தரிக்காய். "பொம்பளைக்குன்னா பிங்க், இல்லன்னா இது. எவன்டா முடிவு பண்றான்?" என்று அக்கா திட்டினாள். திட்டிக்கொண்டே நஸ்ரினைக் குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துப் போனாள். நிற்காமல்.

அவள் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சந்தோஷம் மட்டும் இல்லை. எழுதிவிடுகிறேன், இதைப் படிக்கப் போகிறவர் யாருமில்லை: பகலில் அப்பாவோடு யார் என்றுதான் நினைத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஸ்வார்கேட் பஸ் நிலையத்தில் அக்காவை தார்கர்லிக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். கத்தரிக்காய் நிறச் சட்டை அவள் மடியில். "தேறலன்னா ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்" என்றாள். தேறினால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் நகர்ந்தபிறகு ஜன்னலுக்கு ஓடிப்போய், "பக்கத்து வீட்டுப் பவுன் அக்காகிட்ட பேசிட்டேன், பகல்ல அவங்க பாத்துப்பாங்க" என்று கத்தினேன். கேட்டதா தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வரவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

விடியற்காலை ஷிஃப்டிலிருந்து ஒன்பது மணி ஜெனரல் ஷிஃப்டுக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசர் தேஜஸிடம் கேட்டேன். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் வர முடியும் என்றேன்.

"இத்தனை நாள் உன் அக்கா பார்த்தாளே? கல்யாணம் ஆயிடுச்சா?"

"வேலைக்குப் போயிருக்கா."

"எங்கே?"

"கடலுக்கு."

சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து மாற்றிக் கொடுத்தான்.

சாயங்காலம் போனில் அக்கா. பின்னால் காற்றும் யாரோ பெண்களின் சிரிப்பும். நாசிக்கிலிருந்து ஒரு கூட்டம் வந்ததாம், எல்லோரையும் கடலுக்கு அடியில் கூட்டிப் போய் மீன்களைக் காட்டிவிட்டு வந்தாளாம். கத்திக் கத்தி அவள் குரல் கம்மியிருந்தது. அப்பா காதில் வைத்தேன். "சாப்ட்டியா" என்பதை மூன்று முறை முயன்று சொல்லிவிட்டார்.

போனை வைத்தபிறகு கேட்டார்: "எப்ப... வருவா?"

"மே மாசம்ப்பா. கடல்ல சீசன் முடிஞ்சு."

இடது கையைத் தூக்கி ஒவ்வொரு விரலாக மடக்கினார். நவம்பர், டிசம்பர், ஜனவரி. மார்ச்சில் விரல் தீர்ந்துவிட்டது. மூடிய கையைப் பார்த்தார். அப்புறம் என் கையை இழுத்து வைத்து, அதில் இரண்டு விரலை மடக்கினார்.