ஆறு குழி வெள்ளரி

மருமகளுக்கு,

கண் ஆபரேஷனுக்கு உன் புருஷனோடு கிளம்புகிறேன். நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. கஞ்சி அடுப்பில் மூடியிருக்கிறது. சூடு பண்ணிக் குடி.

ஊறுகாய் வெள்ளரி விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நீ கொல்லையில் ஆறு குழியில் விதை ஊன்றினாய். பாக்கெட் விதையை நான் நம்புகிறவன் இல்லை. கடைக்காரன் செத்த விதையை உன் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து, நீ குளிக்கப் போகும் நேரம் பார்த்து, தினம் இரண்டு குழியைக் கிளறிப் பார்த்தேன். வெள்ளையாக, நூல் மாதிரி முளை விட்டிருந்தது. திரும்ப மூடும்போது என் தடி விரல் பட்டு ஒடிந்துவிட்டது. அதோடு விட்டேனா? மற்றதாவது செத்த விதையாக இருக்கும் என்று மறுநாளும் தோண்டினேன்.

நேற்று வெறும் மண்ணைப் பார்த்து, "என் கை பட்டா எதுவும் தங்காது மாமா" என்று அழுதாய். குழந்தை கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றும் இதையேதான் சொன்னாய். நேற்று நான் எழுந்து போய்விட்டேன். முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

உன் கையில் ஒரு குறையும் இல்லை அம்மா. ஆறும் முளைத்தது. கெடுத்தவன் நான்.

மாமா

மீதி விதை ஜன்னல் மேல் இருக்கிறது. ஒரு விரல் கணு ஆழம் போதும்.

இன்னொன்று. கண்ணில் கட்டு இருக்கிற வரைக்கும் கிளற மாட்டேன். அவிழ்த்த பிறகு என்னை நம்பாதே. பின்கதவைப் பூட்டி, சாவியை நீயே வைத்துக்கொள்.