களத்துமேட்டுப் போஸ்ட் மரம்

மன்னார்குடி,
ஐப்பசி 12

அன்பு மகள் கலைமகளுக்கு,

சித்தப்பா சாரங்கபாணி எழுதுவது. நானும் உன் சித்தி ஈஸ்வரியும் கறவை இரண்டும் சௌக்கியம், சம்பா நட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது, வாய்க்காலில் தண்ணீர் தாராளம். எடின்பரோ ஊர்க் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

போஸ்ட் என்ற வார்த்தையை நம் ஊரில் எதற்கெல்லாம் சொல்கிறோம், உன் ஆராய்ச்சிக்கு எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். நான் எட்டாவதோடு நின்றவன், ஆனால் இங்கே ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் என்னிடம் அரை மணி பேசிவிட்டு, "நீங்க மட்டும் படிச்சிருந்தா எனக்கு வேலையே கெடச்சிருக்காதுங்க" என்றார். தபால் போஸ்ட், உத்தியோகம் போஸ்ட், செல்போனில் போடுவதும் போஸ்ட். அந்தக் காலத்தில் வழிநெடுக ஆளையும் குதிரையையும் நிறுத்தி வைத்துக் கடிதம் கொண்டுபோனார்களாம், லத்தீனில் 'வைத்தது' என்று அர்த்தமாம், தபாலும் உத்தியோகமும் அதில் பிறந்தவை. அந்தக் குதிரை பூம்புகார் வரைக்கும் வந்திருக்கும் என்று நான் ஒரு போடு போட்டேன், வாத்தியார் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். நட்டுவைத்த கரண்டு மரத்தையும் போஸ்ட் என்கிறோமே, அதற்கு வேறொரு லத்தீன் வார்த்தை. போஸ்ட்மார்ட்டத்தில் இருப்பது மூன்றாவது தினுசு, அதற்கு 'பிறகு' என்று அர்த்தம். சாவுக்குப் பிறகு.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை கலை. களத்துமேட்டுப் போஸ்ட் மரத்தைப் பிடுங்கி ஆறு வருஷம் ஆகிறது, ஆனாலும் தூறல் விழுந்தால் அந்த இடத்தில் அது ரீங்காரம் போடுவது எனக்குக் கேட்கிறது, கூடவே மாட்டின் கழுத்துமணியும். சித்தி ஒன்றும் கேட்கவில்லை என்கிறாள்.

உன் அப்பா பஞ்சநதம் செத்ததற்கு, பக்கத்து வயல் குத்தகைக்கார வீரையன் தன் மோட்டாருக்குக் கரண்டு லைனில் திருட்டுக் கொக்கி போட்டதுதான் காரணம் என்று பதினான்கு வருஷமாக உன்னிடம் சொல்லி வருகிறேன். இடி, மின்னல், அண்ணனின் கடைசி வார்த்தை எல்லாம் நான் சேர்த்தது. கடைசி வார்த்தை எதுவும் இல்லை. அன்றைக்கு முளைக்குச்சி ஈரமண்ணில் நிற்காமல், மாட்டை அந்தப் போஸ்ட் மரத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் கட்டியவன் நான். அண்ணன் பார்த்துவிட்டு, "மழ வரப்போவுதுடா, அவுத்து வேற எடத்துல கட்டு" என்றார். "இத்தன வருஷமா கட்டுறோம், என்னா ஆயிடுச்சு? பயந்தாங்கொள்ளி" என்று சிரித்துவிட்டு டீக்கடைக்குப் போய்க் கதை அளந்துகொண்டிருந்தேன். மழை பிடித்தது. அவரே அவிழ்க்கப் போயிருக்கிறார். நான் ஓடி வந்தபோது மாடும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள். கூட்டத்தில் யாரோ "வீரையன் கொக்கி போட்டிருப்பான்" என்றார்கள், "ஆமா, நான் பாத்தேன்" என்றேன். எதையும் பார்க்கவில்லை. மறுநாள் லைன்மேன் ஏறிப் பார்த்து, மேலே லைனைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டு ஸ்டே கம்பியில் கரண்டு இறங்கியிருக்கிறது, கொக்கி எதுவும் இல்லை என்று என்னிடம் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. வீரையனுக்குக் குத்தகை நிலம் போயிற்று, ஊரில் பேச்சுவார்த்தை போயிற்று. இன்றைக்கும் எதிரில் வந்தால் அவர், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறார்.

போன வாரம் அவர் மகள் எழில்மொழி நர்ஸ் வேலைக்கு உன் ஊருக்கே வந்து, தங்க இடம் கேட்டு நின்றதாகவும், "அப்பாவைக் கொன்ன வீட்டுப் பொண்ணு"க்குக் கதவைச் சாத்தியதாகவும் போனில் சொன்னாய். நான் சபாஷ் என்றேன். அந்தச் சபாஷுக்குப் பிறகு மழையே இல்லாதபோதும் அந்த ரீங்காரம் கேட்கிறது.

நாளைக் காலை வீரையன் வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன், அங்கிருந்து டீக்கடைக்குப் போய் ஊருக்கும். இது கைக்கு வந்ததும் நீ அந்தப் பெண்ணைத் தேடிப் போ. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே, அவளோடு பேசு. மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தையே அவள் கையில் கொடு. வாயால் சொன்னால் நான் ஏதாவது சேர்த்துவிடுவேன்.

ஆயுசும் ஆரோக்கியமுமாக இரு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
சாரங்கபாணி