ஒவ்வாமைக்கு இரண்டு பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஆஸ்பத்திரிக்காக நாங்கள் எழுதும் கணினி நிரலில், நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தை எல்லோரும் 'ஒவ்வாமை' என்று குறிப்பதை, எங்கள் மேலாளர் மட்டும் 'ஆகாதது' என்று எழுதிவைத்தார். ஒரே பெயராக வைக்கச் சொன்னேன்.

"பேரு எதுவா இருந்தா என்னம்மா, வேலை நடந்தா சரி" என்றார் அந்த மேதாவி.

வேலை நடக்கவில்லை. கணினி 'ஆகாதது' என்று தேடி, எதுவும் கிடைக்காமல் எச்சரிக்காமலே விட்டுவிட்டது. ஊசி போடும் முன் நர்ஸ் வாய்விட்டுக் கேட்டதால் ஒரு நோயாளி பிழைத்தார். பெற்ற பிள்ளையைத் தினம் ஒரு பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது என்பதுகூடத் தெரியாதவருக்குத் தனி அறை, சுழல் நாற்காலி. திருத்தும் வேலை மட்டும் என் தலையில்.

இங்கே குளிர்கிறது. நீங்கள் போர்த்திக்கொள்ளும் போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்