காயிலும் காயலாவும்

அன்புள்ள நைனாவுக்கு,

நேற்று உங்களுடன் வேலை செய்யும் தேசப்பன் சித்தப்பா வேப்பம்பட்டு ரயிலடியில் அம்மாவைப் பார்த்து, "அண்ணி, அண்ணன் ஆஸ்பத்திரிலதான் கீறாரு. காயிலால பேஜாரு, இப்போ வர மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்ட வண்டியில் ஏறிவிட்டார். அம்மாவின் காதில் அது 'காயலா' என்று, உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று விழுந்தது. எப்படியும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அழுதுகொண்டே உங்கள் பாயை விரித்துக் கஞ்சி வைத்தாள்.

"காயலா இல்லம்மா, காயிலு! குளிர்ந்த தண்ணி ஓடுற சுருள் குழாய். ஆஸ்பத்திரி ஏ.சி. மெஷினுக்கு நைனா அதைத்தான் மாட்டினுகீறாரு" என்றேன்.

அம்மா கண்ணைத் துடைத்துச் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "காயலான்னா ஊட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. காயிலுன்னா எப்போடி அனுப்புவாங்க?"

வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் கை தூக்குகிற எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. நீங்களே எழுதுங்கள். உங்கள் பாயை அம்மா இன்னும் சுருட்டவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் மகள்