காலண்டரில் நான் போட்ட டிக்

கும்மிடிப்பூண்டி,
அக்டோபர் 9.

என் அன்பு மகள் சோனியாவுக்கு, அந்த ஊர் வெயிலிலும் நீ வாடாமல் கர்த்தர் காப்பாராக. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் கை வரவில்லை, அப்பா சுகமாக இல்லை. போனில் சொல்லலாம்தான், பக்கத்திலேயே படுத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் கேட்கிறார். அதனால் திங்கட்கிழமை மஸ்கட் திரும்புகிற எதிர்வீட்டு பென்னியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே எலுமிச்சை ஊறுகாயும் இருக்கிறது.

ஜூன் மாதம் அப்பா நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினாரே, அப்போது நர்ஸாக நீ பார்த்ததையெல்லாம் வைத்துப் படித்துப் படித்துச் சொன்னாய், படுக்க விடாதே, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லு, காலையில் பத்து மாலையில் பத்து, வாசல் கேட் வரைக்கும் நடக்க வை, செய்த நாளுக்குச் சர்ச் காலண்டரில் டிக் போட்டு மாதக் கடைசியில் போட்டோ அனுப்பு என்று. மூன்று மாதமும் அனுப்பினேன். சோனியா, முதல் இரண்டு நாளைத் தவிர அதில் ஒரு டிக்கும் உண்மை இல்லை. மூன்றாம் நாள் அவர் என்னைப் பார்த்து, "முப்பது வருசம் ரோலிங் மில்லுல கம்பி தூக்கிக்கினு இருந்தேன், அது பத்தாதா, இன்னும் இன்னாத்துக்கு ஹெலனு எக்சசைசு" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சிப்காட்டில் உழைத்த உடம்பு, அந்தப் பலமெல்லாம் உள்ளே சேர்ந்துதானே கிடக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் டம்ளரைக்கூட அவர் கையால் எடுக்க விடவில்லை. ஹெலன் புருஷனை எப்படித் தாங்குகிறாள் பார் என்று தெருவில் பேசினார்கள், அதில் எனக்குப் பெருமை வேறு, பாழாய்ப்போன பெருமை.

செப்டம்பரில் மறுபடி சளி, மறுபடி ஆஸ்பத்திரி, உனக்குச் சொல்லவில்லை. டாக்டர் அவர் தொடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சதையே காணோம், நடக்கவே விடலியா" என்று கேட்டார். சதை பாரம் தூக்க மட்டும் இல்லையாம். கிருமியோடு சண்டை போடுகிற அணுக்களுக்கு வேண்டியதில் ஒரு பங்கு அதிலிருந்துதான் போகுமாம், நடமாடினால்தான் அந்த அணுக்களும் உடம்பு முழுக்க நன்றாகச் சுற்றி வருமாம். என்றைக்கோ உழைத்ததைச் சேர்த்து வைக்க முடியாது, இந்த வயதில் படுக்கையில் போனது லேசில் திரும்பாது என்றார். அதற்குப் பிறகு நடக்க வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. இப்போது மூன்றாம் தடவை சளி, மருந்து கேட்கவில்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வந்தபோது, ஜெபத்துக்குப் படுத்துக்கொண்டா இருப்பது என்று அப்பா எழுந்து நிற்கப் பார்த்தார். இரண்டு பேர் பிடித்தும் கால் நிற்கவில்லை. நான் சமையல்கட்டுக்குப் போய் அழுதேன்.

என்னைத் திட்டு, போனில் வேண்டாம், நேரில் வந்து திட்டு. நீயும் டியூட்டி முடிந்ததும் கட்டிலே கதி என்று கிடக்காதே, கொஞ்சம் நட. கர்த்தர் உனக்கு என்னைவிட நல்ல புத்தியைத் தந்து ஆசீர்வதிப்பார். இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் உண்மையைச் சொல்லவும் பயம், தினம் ஒரு பொய் போடவும் மனசு கேட்கவில்லை, அதனால் இந்த மாதம் ஒன்றாம் தேதியே உட்கார்ந்து முப்பத்தொன்று வரைக்கும் டிக் போட்டு வைத்துவிட்டேன். அதில் எத்தனை நாள் அப்பாவுக்கு இருக்கிறதோ தெரியாது, நீ வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா ஹெலன்.